ஆட்டுவோரும் பேணுவோரும்

1852ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் காலையில், லண்டன் விலங்கியல் தோட்டத்தின் ஊர்வன இல்லத்தில் எட்வர்ட் கர்லிங் என்னும் காப்பாளர் ஒரு நாகத்தைப் பேழையிலிருந்து வெளியே எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் நண்பரை வழியனுப்புவதன் பேரால் முந்தைய இரவு முழுவதும் குடித்திருந்தவர் அவர். முதலில் வேறொரு பாம்பை எடுத்துச் சுழற்றி விளையாட்டுக் காட்டியவர், உடனிருந்த உதவியாளர் தடுத்தும் கேளாமல் நாகத்தைத் தூக்கி முகத்தருகே கொண்டுசென்றார். அது அவர் மூக்கில் கடித்தது. வாடகை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். சற்று நேரத்திற்கெல்லாம் உயிர் பிரிந்தது.

இந்தச் சாவைக் குடியின் கணக்கில் மட்டும் எழுதிவிட நமக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கு இரண்டாண்டு முன்பு, 1850இல், எகிப்தியப் பாம்பாட்டிகள் இருவர் அதே தோட்டத்தில் வித்தை காட்டினார்கள். நாகங்களைக் கழுத்தில் சுற்றியும் தரையில் எழுப்பியும் அவர்கள் ஆட்டிய ஆட்டத்தைக் காண லண்டன் மாநகரம் திரண்டது. கர்லிங் அன்று காலை நடித்துக் காட்ட முயன்றது அந்த வித்தையைத்தான் என்றே கருதப்படுகிறது. பிறர் தலைமுறை தலைமுறையாகக் கற்ற ஒன்றை இரண்டு வேடிக்கைகளில் பார்த்துவிட்டுத் தானும் செய்யத் துணிந்தவரின் கதை இது. இன்றைக்கு இணையத்தில் நாகத்தின் படத்தை முத்தமிட்டுப் படம்பிடித்துக்கொள்ளும் இளைஞர்களைக் காணும்போதெல்லாம் கர்லிங்கின் பெயர் நம் நினைவுக்கு வருகிறது.

அந்த ஊர்வன இல்லம் 1849இல் திறக்கப்பட்டது. விலங்குக் காட்சிசாலை ஒன்றில் ஊர்வனவற்றுக்கென்றே அமைந்த உலகின் முதல் கட்டடம் அது. ஆயினும், வெப்பநாட்டுப் பாம்பைக் குளிர்நாட்டில் உயிருடன் வைத்திருப்பது எவ்வாறு என்பது அங்கிருந்த எவருக்கும் தெளிவாகத் தெரியாது. மரப்பேழைக்குள் கம்பளிப் போர்வையைப் போட்டுவைத்தார்கள். பாம்பு குளிர்ந்த குருதியுடையது, தன் உடலுக்கான சூட்டைப் புறத்திலிருந்தே பெறவேண்டியது. தனக்கெனச் சூடில்லாத உடலுக்குப் போர்வை எதைக் காத்துக்கொடுக்கும்? 1851இல் அங்கிருந்த போவா ஒன்று இரையோடு சேர்த்துத் தன் போர்வையையும் விழுங்கிவிட்டுச் சில வாரங்கள் கழித்துக் கக்கிற்று. மனிதர் தமக்கு இதமானதைப் பாம்புக்கு அளித்தார்கள். பாம்பு அதை வேறுவிதமாகப் புரிந்துகொண்டது.

தமிழில் பாம்போடு தொடர்புடைய தொழிலர் இருவருக்குத் தனித்தனிப் பெயருண்டு. ஆட்டுவிப்பவர் பாம்பாட்டி, பிடிப்பவர் பிடாரர். பாம்பை வைத்துக் காப்பாற்றுபவருக்கென்று நம் வழக்கில் பெயரில்லை, அப்படியொரு தேவை எழாததே காரணமாகலாம். பாம்பு வேலியிலும் புற்றிலும் வாழ்ந்தது. அதற்கு வெப்பமும் இரையும் நாம் தேடித்தர வேண்டியிருக்கவில்லை. பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட பின்னரே ஓர் உயிருக்குப் பேணுவோர் தேவைப்படுகிறார்.

அத்தகைய பேணுதலை ஒரு கல்வியாகவே ஆக்கியவர் ஜோன் பூஷாம் பிராக்டர். 1897இல் லண்டனில் பிறந்த இவர், பிள்ளைப் பருவத்திலேயே பல்லிகளையும் பாம்புகளையும் வளர்த்தவர். பதினாறாம் வயதில் ஒரு முதலைக் குட்டியைப் பள்ளி வகுப்பறைக்கே எடுத்துச் சென்றார் என்பது அவர் வாழ்க்கைக் குறிப்புகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. அதைவிட முக்கியமாக நமக்குப் படுவது வேறொன்று. சிறுவயது முதலே தீராத குடல்நோய் அவரைப் பற்றியிருந்தது. கேம்பிரிட்ஜ் சென்று படிக்கும் ஆசை அதனாலேயே கைகூடவில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊர்வனத் துறையைக் கவனித்துவந்த அறிஞர் பூலஞ்சே, இப்பெண்ணின் அறிவை உணர்ந்து 1916இல் தம் உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். பட்டம் ஏதும் பெறாத பிராக்டர் 1917இலேயே விலங்கியல் கழகத்தில் ஆய்வுரை வாசித்தார். 1920இல் பூலஞ்சே ஓய்வு பெற்றபின் அவர் இருந்த இடத்தில் இருந்து பணிபுரிந்தார். 1923இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தின் ஊர்வனப் பொறுப்பாளர் ஆனார். அப்பதவியை வகித்த முதல் பெண் அவரே.

அருங்காட்சியகத்தில் அவர் கையாண்டவை சாராயத்தில் ஊறிய உடல்கள்; தோட்டத்திலோ உயிருள்ளவை. செத்ததைப் படித்தவருக்கு உயிருள்ளதைக் காக்கத் தெரியவேண்டும் என்பதில்லை. பிராக்டருக்கு இரண்டும் வசப்பட்டன. கட்டடக் கலைஞர் கை டாபரோடு சேர்ந்து அவர் வகுத்த புதிய ஊர்வன இல்லம் 1927இல் திறக்கப்பட்டது. இல்லம் முழுவதையும் ஒரே சூட்டில் வைத்திருக்கும் பழைய முறையை அவர் ஏற்கவில்லை. மின்வெப்பத்தைக் கொண்டு, கூட்டுக்குக் கூடு வேறுபட்ட சூடு நிலவச் செய்தார். பாலையில் வாழ்வதன் தேவை வேறு, மழைக்காட்டில் வாழ்வதன் தேவை வேறு என்பது இப்போது எளிதாகத் தோன்றும். அன்று அது புதுமை.

வெளிச்சத்தைப் பற்றிய அவருடைய சிந்தனை இன்னும் நுட்பமானது. கூண்டிலிட்ட பல்லிகளும் ஆமைகளும் எலும்பு மென்மையாகி வளைந்து சாவது அக்காலத்தில் வாடிக்கை. வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் படும்போதுதான் வைட்டமின் டி உருவாகிறது. அது இன்றேல் உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பில் சேராது. சாதாரணச் சாளரக் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுகிறது. அக்கதிரை உள்ளேவிடும் வீட்டா கண்ணாடி என்ற புதிய வகை அந்தப் பத்தாண்டில்தான் சந்தைக்கு வந்திருந்தது. பிராக்டர் தம் இல்லத்தில் அதைப் பொருத்தினார். பார்வையாளர் நிற்குமிடத்தை இருட்டாகவும் கூடுகளை ஒளியோடும் அமைத்தார். கண்ணாடியில் நம் முகம் தெரிவதற்குப் பதில் உள்ளிருக்கும் உயிர் தெரிந்தது.

அதே 1927இல் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து கொமோடோ உடும்புகள் இரண்டு வந்து சேர்ந்தன. அறிவியல் உலகுக்கு இவ்வுயிர் அறிமுகமானதே 1912இல்தான். நம் ஊர்ப் புதர்களில் திரியும் உடும்பும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்றாலும், இது பத்தடி வரை வளர்ந்து மானையும் வீழ்த்த வல்லது. ஆட்கொல்லி என்ற பேரச்சத்தோடு பத்திரிகைகள் அதை வரவேற்றன. அவற்றில் சும்பாவா என்று பெயரிடப்பட்டதைப் பிராக்டர் தம்மோடு தோட்டத்தில் உலாவும் அளவுக்குப் பழக்கினார். 1928 அக்டோபரில் விலங்கியல் கழகக் கூட்டத்திற்கே அதை அழைத்து வந்தார். அறிஞர்கள் சூழ்ந்திருக்க, அது அவர் கையிலிருந்து கோழியையும் முட்டைகளையும் புறாவையும் வாங்கித் தின்றது.

இதுவும் ஒருவகை வித்தைதானே, கர்லிங் செய்ததிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது என்று வாசகர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கொமோடோ உடும்பின் கீழ்த்தாடையில் நஞ்சுச் சுரப்பிகள் இருப்பதாக ஆய்வாளர் அறிவித்தது 2009இல். பிராக்டர் தாம் அறியாத ஓர் ஆபத்தோடும் பழகினார் என்றே சொல்லவேண்டும். ஆனால் அவர் எடுத்துக்கொண்டது ஓராண்டுக்கும் மேலான காலம். நோயுற்ற விலங்கை வருடி, இரையூட்டி, அதன் அசைவுகளைக் குறித்துவைத்து, அவ்வுயிர் எப்போது பசித்திருக்கிறது, எப்போது சினந்திருக்கிறது என்று கற்றபின்னரே கையை நீட்டினார். நோயோடு வாழப் பழகிய உடலுக்குப் பிற உயிரின் நலிவு விரைவில் புலப்படும் போலும். இது நம் ஊகமேயன்றி அவர் எழுதிவைத்ததன்று. பிற்பாடு நடக்கவும் முடியாமல் சக்கர நாற்காலியிலிருந்தே பணியைத் தொடர்ந்தார். சிகாகோ பல்கலைக்கழகம் 1931இல் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் காலமானார், வயது 34.

அவர் சமைத்த இல்லம் எட்டாண்டு கழித்து வேறொன்றைக் கண்டது. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், குண்டு விழுந்து கூடுகள் உடைந்தால் நஞ்சுடையவை ஊருக்குள் புகுந்துவிடும் என்று அஞ்சி, அங்கிருந்த நச்சுப் பாம்புகளைக் கொன்றுவிட்டார்கள். அயல்மண்ணிலிருந்து கொணர்ந்த உயிருக்கு, கொணர்ந்தவர் ஊரில் நேரும் எல்லாமும் சேர்ந்தே நேர்கிறது. அந்தக் கட்டடத்தின் பணி முடிந்து, 2024இல் ஊர்வனவற்றுக்குப் புதிய இல்லம் திறக்கப்பட்டுள்ளது.

பொருட்காட்சிக் கூடத்திலிருந்து இந்த ஆர்வம் வீட்டறைக்குள் இறங்கியது இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில். பாம்போடும் பல்லியோடும் பெருஞ்சிலந்திகளும் சேர்ந்துகொண்டன. சிலந்தியைப் பொறுத்தவரை கையாளுதல் என்ற சொல்லே பொருந்துமா என்பது நம் ஐயம். அது பழகுவதில்லை, பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவே. உள்ளங்கையிலிருந்து தவறி விழுந்தால் அதன் மெல்லிய வயிறு வெடித்துவிடும். தோலுரிக்கும் நாட்களில் தொட்டாலே ஊனமுறும்.

ஆந்திரத்தின் குத்தி ரயில் நிலையத்து மரக்கிடங்கில் கிடைத்த ஒற்றைச் சிலந்தியைக் கொண்டு போக்காக் என்பவர் 1899இல் ஒரு புதிய இனத்தை விவரித்தார். உலோகம்போல் மின்னும் நீலநிறம் கொண்டது அது. அதன்பின் நூறாண்டுக் காலம் அதைக் கண்டதாகப் பதிவில்லை. 2001இல் நந்தியால் பகுதிக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. அழியும் விளிம்பில் நிற்கும் இனமென்று 2008இல் பட்டியலிடப்பட்டது. இவ்வளவு அரிதான ஒன்று, ஐரோப்பிய, அமெரிக்க ஆர்வலர்களின் நெகிழிப் பெட்டிகளிலோ எளிதில் கிடைக்கிறது. கூட்டில் பிறந்து கூட்டில் பெருகிய தலைமுறைகள் அவை. இங்கே காட்டில் அதற்குரிய முதுமரங்களின் பொந்துகள் குறைந்துவருகின்றன. இதன் உறவினமொன்றை ஈழத்தின் மாங்குளம் பகுதியில் கண்டு 2012இல் பெயரிட்டார்கள். இப்பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் 2019 முதல் கட்டுப்பாட்டுக்குள் வந்துள்ளது.

வளர்ப்பு மோகத்தின் மறுபக்கத்தை ஃபுளோரிடா காட்டுகிறது. 1996 முதல் 2006 வரை மட்டும் ஏறத்தாழ 99,000 பர்மிய மலைப்பாம்புகள் அமெரிக்காவுக்குள் இறக்குமதியாயின. விற்கும்போது முழநீளக் குட்டி. சில ஆண்டுகளில் ஆளைவிட நீளம். வைத்திருக்க முடியாதவர்கள் சதுப்புநிலத்தில் விட்டார்கள். 1992 புயலில் சிதைந்த வளர்ப்புக் கூடத்திலிருந்து தப்பியவையும் உண்டென்பர். எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் அவை பெருகி, ரக்கூன்களைக் காண்பதே 99 விழுக்காடு குறைந்துவிட்டதென்று 2012இல் வெளியான ஆய்வு கூறிற்று. இறக்குமதிக்குத் தடை வந்ததும் அவ்வாண்டே.

2017 சனவரியில், செங்கல்பட்டுப் பகுதி இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரை ஃபுளோரிடாவுக்கு வரவழைத்தார்கள். அதற்கு முன் அவர்கள் அந்த நிலத்தைப் பார்த்ததில்லை. உள்ளூர் வேட்டையாளர் சாலைகளில் வண்டியோட்டித் தேட, இவர்கள் புதருக்குள் நடந்து, தடத்தையும் எச்சத்தையும் தோலுரியையும் பார்த்துச் சென்றார்கள். ஒரு வாரத்தைச் சற்றே தாண்டிய காலத்தில் 13 பாம்புகள் பிடிபட்டன. கைவிடப்பட்ட ஏவுகணைத் தளமொன்றின் அடியில் பதினாறடிப் பெண்பாம்பு உட்பட நான்கு சுருண்டிருந்தன. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

அவர்தம் சமூகத்தின் வரலாறும் இதனோடு பிணைந்ததே. தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்துவந்த இருளர்கள், 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் வந்தபோது ஒரே அடியில் பிழைப்பிழந்தார்கள். அவர்களிடமிருந்த அறிவே குற்றமாயிற்று. ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் பதிவான இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான் அவ்வறிவுக்கு வேறொரு வழி திறந்தது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நச்சுமுறி மருந்து செய்வதற்கான நஞ்சை அளிக்கிறது.

இதற்கிடையே சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வருவோர் பெட்டிகளில் ஆப்பிரிக்க மலைப்பாம்புக் குட்டிகள் துணிப்பைகளுக்குள் பிடிபடும் செய்தி அடிக்கடி வருகிறது. நம் நட்சத்திர ஆமைகள் எதிர்த்திசையில் கடத்தப்படுகின்றன. அவற்றை வாங்குவோரில் பலர் விலங்கின்மேல் உண்மையான அன்புடையவர்களே என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த அன்புக்கு வெப்பமானி ஒன்று வாங்கும் பொறுமை வாய்த்திருக்கிறதா என்பதே நம் கேள்வி.

வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்கை மட்டுமே, உரிமம் பெற்ற எண்ணிக்கைக்குள் பிடிக்கிறார்கள். மண்பானையில் இட்டு வாயைத் துணியால் கட்டிவைக்கிறார்கள்; பானைக்குள் இருளும் குளிர்ச்சியும் இருக்கும், காற்றும் புகும். மூன்று நான்கு வாரங்களில் நான்கு முறை நஞ்செடுத்தபின், வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் எதிர்ப்பட்டால் பிடிப்பதில்லை. சில முறை தோலுரித்தபின் அந்த வடு மறைந்துவிடும்.