கால் ஆர்மோனியமும் சிகாகோ ஆர்கனும்: ஒரு மாணவனுக்கு நான் பாக்கி வைத்த பதில்



இந்தப் பதிவு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். 1984இல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். நம் மங்களூர்ப் பக்கத்துப் பையன்தான். (புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: இது விருத்தாசலத்துக்கு மேற்கே இருக்கும் கடலூர் மாவட்டத்து மங்களூர். கர்நாடகக் கடற்கரை மங்களூர் இல்லை.) இப்போது குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறான்.

காணொளியில் அவன் மகள் ஒரு தேவாலயத்தில் பெரிய மரப்பெட்டி ஒன்றின் முன் உட்கார்ந்திருக்கிறாள். மேலும் கீழுமாக இரண்டு வரிசைக் கட்டைகள். போதகர் ஒரு வாக்கியம் பேசி நிறுத்துகிறார். அந்த இடைவெளியில் அவள் பதில் சொல்வதுபோல வாசிக்கிறாள். அவர் குரல் ஏற ஏற ஆர்கனும் ஏறுகிறது. கீழே அவன் எழுதியிருந்தான்: "சார், பாப்பா கோஸ்பல் ஆர்கன் கத்துக்கிறா. பாக்கிறப்ப நம்ம ஊரு கால் ஆர்மோனியம் ஞாபகம் வந்துச்சு. ரெண்டுக்கும் ஏதாவது சொந்தம் உண்டா சார்?"

"எழுதுகிறேன் தம்பி" என்று மட்டும் பதில் போட்டேன். அதற்குமேல் அன்று எழுத முடியவில்லை. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் கற்ற கதை. அறுபதுகளில் விருத்தாசலத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். அங்கே ஒரு தேவாலயத்தில் கால் ஆர்மோனியம் இருந்தது. அதை வாசித்த பெரியவரை எல்லோரும் ஆர்கன் வாத்தியார் என்பார்கள். ஞாயிறு காலையில் தேவாலயத்தில் வாசிப்பார். சித்திரை, வைகாசி வந்தால் நாடகக் கொட்டகையில் வாசிப்பார். இரண்டு இடத்திலும் அவருக்கு ஒரே மரியாதை. எனக்குச் சொல்லிக்கொடுக்கும்படி மாமா அவரிடம் கேட்டுக்கொண்டார்.

முதல் வாரம் முழுக்கக் கட்டையைத் தொடவே விடவில்லை. இரண்டு கால்பலகைகளையும் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். "காத்து இருந்தாத்தான்டா பாட்டு. வெரலு கதவத் தொறக்கும், வேற ஒண்ணும் செய்யாது" என்பார். அதன் பொருள் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. பெட்டிக்குள் வரிசையாகப் பித்தளை நாக்குகள் இருக்கும். கட்டையை அழுத்தினால் ஒரு வாசல் திறக்கும். காற்று அந்த நாக்கை அதிரவைத்துக்கொண்டு போகும். விரலால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் சத்தம் கூடாது. கூட்டுவதும் குறைப்பதும் காலின் வேலை.

இரண்டாவது பாடம் விரல் மாற்றுவது. வீணைத் தந்தியை மீட்டினால் விரலை எடுத்த பிறகும் நாதம் கொஞ்ச நேரம் நிற்கும். ஆர்மோனியத்தில் விரலை எடுத்த கணமே சத்தம் செத்துவிடும். ஆகவே பாட்டு அறுந்துபோகாமல் இருக்க, ஒரே கட்டையின் மேல் ஒரு விரல் இருக்கும்போதே இன்னொரு விரலைக் கொண்டுவந்து வைத்து, முதல் விரலை அடுத்த கட்டைக்கு அனுப்ப வேண்டும். இதையே மூன்று மாதம் செய்தேன்.

மூன்றாவது பாடத்துக்குப் பெட்டியே தேவைப்படவில்லை. பாடுகிறவர்களின் பின்னால் நின்று அவர்கள் எங்கே மூச்சு விடுகிறார்கள் என்று கேட்கச் சொன்னார். "அவங்க மூச்சு விடுற எடத்துல பொட்டியும் மூச்சு விடணும். இல்லன்னா நீ ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம்."

அந்தப் பெட்டியில் ஒரு குமிழின் முகப்பு உடைந்திருந்தது. பின்னாளில், பீங்கான் வேலைக்குப் போன மாமா மகன் வெள்ளைப் பீங்கானில் ஒரு வட்டம் சுட்டு வந்து ஒட்டினான். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி வரலாறு. ஆர்மோனியத்துக்கு அந்தப் பெயரில் 1842இல் பாரிஸில் காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்தர் தெபெய்ன். ஐரோப்பாவின் பெரிய தேவாலயங்களில் குழாய் ஆர்கன் இருக்கும். சுவரளவு உயரம், ஏகப்பட்ட செலவு. அதை வாங்க முடியாத சின்னத் தேவாலயங்களுக்கும் வீடுகளுக்கும் இந்தப் பெட்டி வாய்த்தது. மிஷனரிகளோடு இந்தியாவுக்கும் வந்தது. தரையில் உட்கார்ந்து வாசிக்கும் நமக்காக, கையால் துருத்தி போடும் சிறிய பெட்டியை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்கத்தாவில் உருவாக்கியவர் துவார்க்கின் கம்பெனியின் துவாரகாநாத் கோஷ். தமிழ் நாடக மேடையில் கால் பெட்டியே நிலைத்தது. கால் காற்றைப் பார்த்துக்கொண்டால் இரண்டு கைகளும் வாசிக்கக் கிடைக்குமே!

சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்து நாடகங்களை நினைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி கிடையாது. நடிகர் உச்சக் குரலில் விருத்தம் பாடுவார். அவர் நிறுத்தும் இடத்தில் ஆர்மோனியம் அந்த வரியை வாங்கித் திருப்பி வாசிக்கும். அவர் வசனம் பேசும்போது அடியில் சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். காதர் பாட்சா போன்ற ஆர்மோனியக் கலைஞர்களின் பெயர் அந்தக் கால ரசிகர்களுக்கு நடிகர்களின் பெயரைப் போலவே தெரிந்திருந்தது. நம் தென்னாற்காட்டுத் தெருக்கூத்திலும் முகவீணைக்குப் பக்கத்தில் ஆர்மோனியம் உட்கார்ந்துவிட்டது.

சங்கீதம் அறிந்த பலருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் உண்டு. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு சுரங்கள், ஒவ்வொன்றும் அடித்துவைத்த ஆணி மாதிரி. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் கமகம் அதில் வராது. அகில இந்திய வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் 1938இல் இதைக் கண்டித்து எழுதினார். தாகூரும் இந்தப் பெட்டியை வெறுத்தார். 1940 மார்ச் 1 முதல் வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை வந்தது. 1971இல்தான் அது தளர்ந்தது. அப்போதும் தேர்ந்த கலைஞர்களுக்குப் பக்கவாத்தியமாக வாசிக்க மட்டுமே அனுமதி.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் கடிகாரம் செய்துகொண்டிருந்தவர். 1935இல் மின்சார ஆர்கன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார. அதில் குழாயும் இல்லை, துருத்தியும் இல்லை. 91 சிறு சக்கரங்களை ஒரு மோட்டார் சுழற்றும். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். சக்கரத்தின் மேடு பள்ளம் காந்தத்தைக் கடக்கும்போது பிறக்கும் மின் அதிர்வுதான் சுரம். இதுவும் குழாய் ஆர்கன் வாங்க முடியாத தேவாலயங்களை நம்பியே விற்கப்பட்டது. குழாய் ஆர்கனுக்கு நிகர் என்று விளம்பரம் செய்ததால் அரசின் வர்த்தக ஆணையத்தில் விசாரணை நடந்து, அப்படிச் சொல்லக்கூடாது என்று 1938இல் உத்தரவு வந்தது.

தேதிகளைக் கவனியுங்கள். 1938இல் அங்கே ஒரு தீர்ப்பு, 1940இல் இங்கே ஒரு தீர்ப்பு. இரண்டும் ஏழைத் தேவாலயத்துக்கென வந்த பெட்டிகளின் மேல்.

அந்த உத்தரவுக்கு அடுத்த ஆண்டே, 1939இல், சிகாகோவின் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் ஒன்றான ஃபர்ஸ்ட் சர்ச் ஆஃப் டெலிவரன்ஸில் கென்னத் மோரிஸ் என்ற இளைஞர் ஹாமண்டைக் கொண்டுவந்து வைத்தார். தெற்கு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் நிறைந்த நகரம் அது. ப்ளூஸ் பியானோ வாசித்துக்கொண்டிருந்த தாமஸ் டார்சி போன்றவர்கள் அங்கே கோஸ்பல் பாட்டை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் ஆர்கனைப் போலி செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு அவசியமே இல்லை. போதகர் பேச்சுக்கும் சபையின் கைத்தட்டலுக்கும் பதில் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. அதை ஹாமண்டில் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் குரலின் பெரும்பகுதி, செய்தவர்கள் குறை என்று நினைத்தவைதான். கட்டையை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். கம்பெனி பொறியாளர்கள் அதை நீக்கப் பாடுபட்டார்கள். வாசிப்பவர்களோ அதுதான் தாளத்துக்கு உயிர் என்றார்கள். டான் லெஸ்லி என்பவர், ஊதுகுழல் சுழலும் ஒலிபெருக்கி ஒன்றைச் செய்தார். விருத்தாசலம் ஜங்ஷனில் நிற்காமல் போகும் ரயிலின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள்; நம்மைக் கடந்ததும் சுரம் இறங்கும். லெஸ்லி பெட்டிக்குள் குழல் நம் பக்கமும் எதிர்ப்பக்கமும் மாறி மாறித் திரும்புவதால் அந்த ஏற்ற இறக்கம் இடைவிடாமல் நடக்கும். ஹாமண்டுக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இன்று லெஸ்லி இல்லாமல் கோஸ்பல் ஆர்கனை நினைக்கவே முடியாது.

பாப்பாவுக்கும், வீட்டில் கீபோர்டு வைத்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் சில வார்த்தை.

ஹாமண்டிலும் கட்டையை ஓங்கி அடித்துப் பயனில்லை. வலது கால் ஒரு மிதியின் மேல் இருக்கும். சத்தத்தின் அளவு அதில்தான். போதகர் தாழ்ந்து பேசும்போது மூன்று நான்கு சுரங்களைச் சேர்த்துப் பிடித்து, காலைத் தளர்த்தி அடியில் நில்லுங்கள். அவர் ஏறும்போது கால்தான் முதலில் ஏற வேண்டும். விரல் மாற்றுவது இங்கேயும் அதேதான். கட்டைகளுக்கு மேலே ஒன்பது இழுகம்பிகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் எட்டுவரை அளவு. முதல் மூன்றை மட்டும் இழுத்தால் கனமான, உருண்டையான ஒலி. ஒன்பதையும் இழுத்தால் கொட்டகை நிறையும். குழம்பில் புளியும் காரமும் கூட்டுவதுபோலக் காதால் ருசி பார்த்துக் கூட்டுங்கள். லெஸ்லியை எப்போதும் வேகமாகச் சுழலவிடாதீர்கள். மெதுவிலிருந்து வேகத்துக்கு மாறும் அந்தச் சில நொடிகளில்தான் கேட்பவர் நெஞ்சு எழும்பும். அதை வாக்கியம் உச்சத்துக்குப் போகும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக தம்பி, உன் கேள்விக்குப் பதில்: ரத்த சொந்தம் இல்லை. ஒன்றில் காற்று, மற்றதில் மின்சாரம். ஆனால் இரண்டுக்கும் ஒரே தொழில். மனிதக் குரலுக்குப் பின்னால் நின்று, அது மூச்சு வாங்கும்போது தாங்கிப் பிடிப்பது. விருத்தத்துக்கு ஆர்கன் வாத்தியார் செய்ததை உன் மகள் போதகர் பேச்சுக்குச் செய்கிறாள்.

இனி அந்தக் காரணம்.

1984இல் ஒருநாள், பள்ளி ஆண்டு விழாவில் ஆர்மோனியம் வாசிக்க ஆசை என்று வந்து நின்றாய். உன் தாத்தா கூத்துக்கு வாசித்தவர் என்றும் சொன்னாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது கூத்துக்காரன் பொட்டிடா. ரேடியோவிலேயே அதைச் சேர்க்கமாட்டாங்க. போய்ப் படிக்கிற வழியப் பாரு." வகுப்பே சிரித்தது. நீ அதற்குப் பிறகு கேட்கவில்லை.

வரலாறு சொல்லிக்கொடுத்த நான், தடை தளர்ந்து பதின்மூன்று வருஷம் ஆனது தெரியாமல் பேசினேன். அது தகவல் பிழை, திருத்திக்கொள்ளலாம். அதைவிடப் பெரியது இன்னொன்று. அந்தப் பெட்டியில்தான் நானே கற்றேன். படித்தவன், உத்தியோகத்தில் இருப்பவன் என்று பெயர் வந்ததும் அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டேன். என் வெட்கத்தை உன் தலையில் இறக்கினேன். ஆர்கன் வாத்தியார் இருந்திருந்தால் என் முகத்தில் விழித்திருக்க மாட்டார்.

போன வாரம் அவனுக்குப் போன் செய்து இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னிக்குச் சாயங்காலம் தாத்தா பொட்டிய மூடி வச்சவன்தான் சார், தொடவே இல்ல. பாப்பா கேட்டப்ப மட்டும் மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு இருந்தேன்" என்றான். வகுப்பு முன்னால் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி வாங்க வேண்டும் என்பதால், அவன் சம்மதத்தோடு இங்கே எழுதுகிறேன். மன்னித்துக்கொள் தம்பி.

அவன் தாத்தாவின் பெட்டி இன்னும் ஊரில் பரணில்தான் இருக்கிறதாம். துருத்தித் தோல் கிழிந்திருக்கும், நாக்குகளில் களிம்பு ஏறியிருக்கும். இரண்டும் சரிசெய்யக்கூடியவைதான். உங்கள் வீடுகளிலும் இப்படிப் பெட்டி கிடந்தால் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். வாசித்தவர் யார், எந்த ஊர், கூத்தா, நாடகமா, கோயிலா என்று இரண்டு வரி எழுதுங்கள். ஆர்மோனியம் பழுது பார்ப்பவர் நம் பக்கம் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள். பாப்பா அடுத்த லீவுக்கு ஊருக்கு வருகிறாளாம்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
மங்களூர்.