ஆறு மாதத் தண்ணீர்

1858-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, மாட்டுவண்டிகளில் கேமராவையும் மருந்துப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். மெழுகு தடவிய காகிதமே அவருடைய ஃபிலிம். அதில் வெளிச்சம் பதிய வெகுநேரம் பிடிக்கும்; அதற்குள் குளத்தின் சிற்றலையெல்லாம் கரைந்து தண்ணீர் கண்ணாடியாகிவிடும். வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால், நெகட்டிவின் மேலேயே மேகங்களைத் தூரிகையால் தீட்டுவார். மதுரைத் தெப்பக்குளத்தையும் எடுத்தார். நாற்புறப் படிக்கட்டு, நடுவே மைய மண்டபம் என்று படத்துக்கென்றே கட்டியதுபோன்ற குளம் அது.

மதுரைக்குத் தெற்கே, அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்தில் இருந்தவை கண்மாய் எனப்படும் வேறு வகைக் குளங்கள். மண்கரை, ஒரு மடை, மிகுநீர் வழிய ஒரு கலுங்கு, உள்வாயில் கருவேல மரங்கள். ஆண்டில் பாதி நாள் தண்ணீர், மீதி நாள் வெடித்த தரை. அவற்றுக்கு மேகம் தீட்ட ஆள் இல்லை. உண்மையான மேகமே வருமா என்பதுதான் அங்கே கேள்வி.

ஆனால் அதே 1858-இல் அரசாங்கம் இந்த மண்கரைகளைப் பற்றியும் யோசித்தது. கண்மாயைச் செப்பனிட ஊரார் உடலுழைப்புத் தர வேண்டும் என்ற குடிமராமத்து வழக்கத்தை அந்த ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டாயமாக்கியது. வழக்கம் வலுவாக இருந்த காலத்தில் அதற்குச் சட்டம் தேவைப்பட்டிருக்காது. கரையைப் பலப்படுத்துவது, வரத்துக்காலில் மண் அள்ளுவது, மடையை அடைப்பது, திறப்பது எல்லாம் முன்பு ஊரே தனக்குள் பங்குபோட்டுக்கொண்ட வேலைகள். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை நீர்க்கட்டி பார்த்துக்கொள்வார். அவருக்குக் கூலி களத்து நெல்.

கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்தில் பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடிக்க மழைத் தண்ணீர்தான் கதி. அதனால் ஊருணிக்கு வீட்டுச் சமையலறைக்குரிய ஆசாரம் இருந்தது. குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. கரிசல் பக்கத்து ஊருணி என்றால் தண்ணீர் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். களிமண் எளிதில் அடியில் படியாது. அதற்குப் பெண்கள் கையாண்ட வைத்தியம் தேற்றாங்கொட்டை. பானையின் உட்புறத்தில் கொட்டையை நாலு இழை இழைத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால், கலங்கல் திரண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

தண்ணீர் கெட்டுவிடுமோ என்ற பயம் இங்கே மட்டுமல்ல. பிரான்சில் 1893-இல் ஓவியர் மோனே தம் வீட்டுத் தோட்டத்தில் அல்லிக்குளம் வெட்ட ஓடைத் தண்ணீரைத் திருப்ப அனுமதி கேட்டபோது, அயல் செடிகள் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள். பின்னால் அந்தக் குளம் நூற்றுக்கணக்கான ஓவியங்களாயிற்று. அது வேறு கதை. நம் ஊருணிக்காரர்களைக் கேட்டிருந்தாலும் முதலில் அந்த எதிர்ப்பையேதான் சொல்லியிருப்பார்கள்.

திருச்சுழியில் திருமேனிநாதர் கோயிலின் எதிரே பெரிய குளம் உண்டு. மாசிப் பௌர்ணமிக்கு முந்தைய பத்து நாளும் அதில் தண்ணீர் நாளுக்கு ஓர் அடி ஏறும், பிறகு மெல்ல இறங்கும் என்பது ஊர் நம்பிக்கை. பிற்காலத்தில் ரமண மகரிஷியாக அறியப்பட்ட வேங்கடராமன் 1879-இல் இந்த ஊரில்தான் பிறந்தார். வக்கீல் வேலை பார்த்த அப்பா கட்டி வைத்திருந்த பழைய வழக்குக் காகிதங்களை எடுத்து, கூட்டாளிகளோடு சேர்ந்து கப்பல் செய்து தண்ணீரில் விட்டு, வசை வாங்கியிருக்கிறார். வறண்ட ஊர்ப் பிள்ளைக்குத் தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்குமா?

கண்மாய்த் தண்ணீரின் ஆண்டு ஐப்பசியில் தொடங்குகிறது. வடகிழக்குப் பருவமழை இரண்டு தடவை உரக்கப் பெய்தால், "கண்மாய் பெருகிருச்சா?" என்பதே ஊரில் நலம் விசாரிப்பு. கார்த்திகையில் நாமக்கோழியும் முக்குளிப்பானும் வந்துவிடும். மார்கழி, தையில் ஆம்பல் விரியும். அது காலையிலேயே இதழ் மூடத் தொடங்குவதால் படமெடுப்பவர் வெயில் ஏறுமுன் கரையில் இருக்க வேண்டும். கரைமேல் நின்று கீழ்நோக்கி எடுத்தால் சேற்று நிறம்தான் விழும். தண்ணீர் மட்டத்துக்குக் குந்தி எடுத்தால் அதே குளம் வானத்தை ஏந்திக்கொள்ளும்.

ஆனால் உண்மையான காட்சி தண்ணீர் குறையும்போதுதான். பங்குனி வாக்கில் கண்மாய் ஒரு குட்டையாகச் சுருங்கும். மீனெல்லாம் அதற்குள் நெருங்க, நத்தைகுத்தி நாரையும் மடையானும் கொக்கும் வரிசை கட்டும். பிறகு ஒருநாள் அழிகண்மாய் என்று அறிவிப்பார்கள். கச்சா வலை, ஊத்தாக் கூடை, சேலை, கொசுவலை எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டு ஊரே சேற்றில் இறங்கும். அன்றைய படத்தில் மனிதர், விரால், சேறு மூன்றும் ஒரே நிறமாக இருக்கும். சித்திரைக்குப் பின் தரை பாளம் பாளமாக வெடிக்கும்; அதற்கடியில் நத்தை ஓட்டை மூடிக்கொண்டு அடுத்த மழை வரை உறங்கும். வண்டி வண்டியாக வண்டல் வயலுக்குப் போகும். நீர் நிறைந்த மாதங்களை மட்டும் படமெடுத்துவிட்டுக் கிளம்புபவர் பாதிக் கண்மாயைத்தான் பார்த்திருக்கிறார்.

குழாய்த் தண்ணீர் வந்ததும் ஊருணியின் ஆசாரம் தளர்ந்தது. வரத்துக்கால்கள் வீட்டுமனைகளுக்குள் மறைந்தன. உள்வாயில் சீமைக் கருவேலம் அடர்ந்தது. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் உத்தரவிட்டது. தமிழக அரசு குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே புதிய திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். பக்கத்து முதுகுளத்தூர்ப் பகுதியில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்களுக்கு வேறு யோகம். பாசனத்துக்கென்று வெட்டியவை 1989-இல் பறவைகள் சரணாலயங்களாயின. ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததாகவும் 2022-இல் அறிவிக்கப்பட்டது. நீண்ட லென்ஸோடு வெளியூர்க்காரர்கள் தேடிப் போவது அங்கேதான்.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கண்மாய்களுக்கு அவ்வளவு பேர் வருவதில்லை. ஆனால் நல்ல மழை ஆண்டில் கலுங்கு பாயும் அன்று கிடா வெட்டிப் பூசை போடும் ஊர்கள் இன்றும் உண்டு. பூசாரி சூடம் ஏற்றுமுன்பே நாற்பது கைபேசிகள் உயர்ந்துவிடும். வீடியோவில் தண்ணீரைவிடச் சத்தமே அதிகம். சென்னையிலோ துபாயிலோ இருக்கும் ஊர்க்காரர் அதைப் பார்த்துவிட்டு உடனே கேட்பது: "கீழக் கண்மாய்க்குத் தண்ணி போய்ச் சேந்துச்சா?"