பல் க்ளிப்பின் கதை

பல்லுக்கு 'க்ளிப்' போடுவது இன்று சர்வ சாதாரணம். தெற்றுப்பல், எத்துப்பல், பல் இடைவெளி என்று எதற்காகப் போனாலும் வாய்க்குள் வரும் சாமான்கள் ஏறக்குறைய ஒன்றுதான்: பல்லில் ஒட்டும் குட்டி பிராக்கெட்டுகள், அவற்றை இணைக்கும் கம்பி, ரப்பர் பேண்ட், கடைசியில் ரிடெய்னர். இவற்றுக்குப் பின்னால் சுமார் 300 வருடக் கதை இருக்கிறது. அதில் குருவின் சொல்லை மீறிய ஒரு சிஷ்யனும் உண்டு.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். பல், சுவரில் அடித்த ஆணி மாதிரி எலும்பில் இறுகி நிற்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் இருக்கிறது. பல்லை விடாமல் மெதுவாகத் தள்ளிக்கொண்டே இருந்தால், அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரைகிறது. எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது. பல் நகர்கிறது. ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904ல் நாய்களின் பற்களில் சோதனை செய்து இதைக் காட்டினார்.

ஆனால் காரணம் தெரிவதற்கு வெகுகாலம் முன்பே காரியம் நடந்துகொண்டிருந்தது. முதல் நூற்றாண்டு ரோமாபுரியில் செல்சஸ் என்பவர், பால் பல் விழுவதற்குள் புதுப் பல் முளைத்தால் பால் பல்லைப் பிடுங்கிவிட்டு, புதுப் பல்லைத் தினமும் விரலால் இடத்துக்குத் தள்ளச் சொன்னார். விரல்தான் முதல் கருவி!

1728ல் பிரான்ஸின் பியேர் ஃபோஷார் தன் பல் மருத்துவ நூலில் குதிரை லாட வடிவில் ஒரு உலோகப் பட்டையை விவரித்தார. பட்டையில் துளைகள் இருக்கும். பற்களை நூலால் அதோடு கட்டிவிட்டால், பட்டை இருக்கும் பக்கமாகப் பற்கள் இழுபடும். இன்றைய கம்பிக்கு இதுதான் தாத்தா. 19ஆம் நூற்றாண்டில் திருகாணிகள் வந்தன. 1844ல் சார்லஸ் குட்இயர் பதப்படுத்திய ரப்பருக்குக் காப்புரிமை வாங்கியதைத் தொடர்ந்து ரப்பர் பேண்டும் வாய்க்குள் நுழைந்தது. மேல் தாடைப் பற்களையும் கீழ் தாடைப் பற்களையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுத்து, கடிக்கும் விதத்தைச் சரிசெய்வது அதன் முக்கிய வேலை.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தித் தனித் துறையாக ஆக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள் (1855–1930). மேல், கீழ் கடைவாய்ப் பற்கள் பொருந்தும் விதத்தை வைத்து 1899ல் அவர் வகுத்த மூன்று பிரிவுகளைத்தான் இன்றும் டாக்டர்கள் சொல்கிறார்கள். 1928ல் அவர் வெளியிட்ட 'எட்ஜ்வைஸ்' முறைதான் இன்றைய க்ளிப்புக்கு அடித்தளம். இதில் பிராக்கெட்டின் பள்ளம் செவ்வக வடிவம், கம்பியும் செவ்வகம். உருண்டைக் கம்பி பல்லின் தலையைத்தான் சாய்க்கும். செவ்வகக் கம்பியை முறுக்கிப் பொருத்தினால் வேரும் சேர்ந்து திரும்பும்.

ஆங்கிள் ஒரு விஷயத்தில் மட்டும் அசையவே இல்லை: இடம் போதாவிட்டாலும் நல்ல பல்லைப் பிடுங்கக் கூடாது. வரிசையை விரித்தால் எலும்பும் கூடவே வளர்ந்துகொள்ளும் என்று நம்பினார். 1911ல் கால்வின் கேஸ் இதை எதிர்த்துப் பேசியபோது ஆங்கிளின் ஆட்கள் கடுமையாகத் தாக்கினார்கள்.

ஆங்கிளின் கடைசிக்கால மாணவர் சார்லஸ் ட்வீட். அரிஸோனாவில் குரு சொன்னபடியே, பல் எடுக்காமல் வருடக்கணக்கில் சிகிச்சை செய்தார். பிறகு தன் நோயாளிகளைத் திரும்பிப் பார்த்தார். பலருக்குப் பற்கள் மறுபடி கோணியிருந்தன. பலருக்கு வாய் முன்துருத்தி நின்றது. மூடி மறைத்திருக்கலாம். ட்வீட் அவர்களைத் திரும்ப அழைத்து, நான்கு முன்கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு, கட்டணம் வாங்காமல் மீண்டும் சிகிச்சை செய்தார். 1940ல் இப்படி நூறு பேரின் பதிவுகளைச் சக டாக்டர்கள் முன் வைத்தார். குருத் துரோகம் என்று வசவு கிடைத்தது. ஆனால் கண்ணெதிரே இருந்ததை மறுக்க முடியவில்லை. அடுத்த சில பத்தாண்டுகளுக்குப் பல் எடுப்பதே வழக்கமாகிப்போனது.

அதற்குப் பிறகு மாறியது பெரும்பாலும் பொருள்கள். முன்பு ஒவ்வொரு பல்லுக்கும் மோதிரம் மாதிரி வளையம் மாட்டி அதில் பிராக்கெட் வைப்பார்கள். எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பசை பிடிக்கும் என்று 1955ல் புவோனோகோர் காட்டியதால், பிராக்கெட்டை நேராகப் பல்லிலேயே ஒட்ட வழி பிறந்தது. அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான நிக்கல்-டைட்டானியம் கலவை 1970களில் பல் கம்பியானது. வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்பப் பார்க்கும் குணம் அதற்கு. அதனால் அழுத்தம் மென்மையாக, நாள்கணக்கில் தொடர்ந்து கிடைக்கிறது. 1997ல் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம், கம்பியே இல்லாமல் வரிசையாக மாற்றிப் போடும் பிளாஸ்டிக் அலைனர்களைக் கொண்டுவந்தது.

சரி, ஆங்கிளா ட்வீடா, யார் சொன்னது சரி? வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழு, முன்கடைவாய்ப் பற்களை எடுத்துச் சிகிச்சை பெற்ற 65 பேரை ரிடெய்னர் நிறுத்திப் பத்து வருடம் கழித்துப் பரிசோதித்து 1981ல் முடிவை வெளியிட்டது. சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ்வரிசை முன்பற்கள் திருப்தியாக இல்லை. அதாவது பல்லை எடுத்தாலும் உத்தரவாதம் கிடையாது. அதனால் இன்று எடுப்பதா வேண்டாமா என்பது ஆளுக்கு ஆள், முகத்தையும் இடத்தையும் பார்த்து எடுக்கும் முடிவு.

பல்லை நகர்த்துவது மனிதனுக்கு எப்போதோ கைவந்துவிட்டது. நகர்த்திய இடத்தில் நிறுத்துவதுதான் இன்னும் பாடாக இருக்கிறது. எல்லாக் கருவிகளிலும் பார்க்கச் சாதுவானது ரிடெய்னர். அது எதையும் இழுப்பதில்லை, தள்ளுவதில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறது. க்ளிப் கழற்றியதும் அதை டப்பாவிலேயே போட்டு வைத்திருப்பவர்கள் இன்று இரவே எடுத்து மாட்டிப் பார்ப்பது நல்லது. இறுக்கமாக இருந்தால், பல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.