செங்கல்லும் செம்மண்ணும் வீரமாமுனிவரும்

அடையாறில் கொஞ்ச காலம் இத்தாலிய மொழி படித்தேன். வீரமாமுனிவரின் ஊர்ப் பேச்சு எப்படி இருந்திருக்கும் என்ற ஆசைதான் காரணம். மூன்றாம் மாதமே பெயரடையில் மாட்டிக்கொண்டேன். 'அழகான' என்பதற்கு 'பெல்லோ' என்று மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் புத்தகத்துக்கு 'பெல் லீப்ரோ'. கண்ணாடிக்கு மட்டும் 'பெல்லோ ஸ்பெக்கியோ'. உயிரெழுத்து வந்தால் வால் அறுந்து 'பெல்' ஒட்டிக்கொள்ளும். பன்மைக்கு வேறு இரண்டு வடிவங்கள். பெயருக்குப் பின்னால் தள்ளி வைத்தால் 'லீப்ரோ பெல்லோ' என்று பழைய உருவம் திரும்பிவிடும்! புனிதர்களும் தப்பவில்லை: சான் பியெத்ரோ, சாந்த் அன்தோனியோ, சாந்தோ ஸ்தேஃபனோ. (நம்ம சாந்தோம் போர்த்துக்கீசியர் வைத்த பெயர். அங்கேயும் 'சாவ்ங்' தோமே, ஆனால் 'சாந்து' அந்தோனியு.)

"தமிழ்ல இந்த வம்பே கிடையாது மாமா. நல்ல பையன், நல்ல பொண்ணு, நல்ல வீடு. ஒரே நல்ல" என்று மயிலாப்பூரில் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் அலுத்துக்கொண்டேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

"அப்படியா? செங்கல்லைச் செம்கல்லுன்னு சொல்லு, பார்ப்போம்" என்றார்.

அசடு வழிந்தது. செம்மை ஒன்றுதான். கல்லுக்கு முன் செங், மண்ணுக்கு முன் செம், தாமரைக்கு முன் செந், வானத்துக்கு முன் செவ், அடிக்கு முன் சேவடி. அடுத்து வரும் எழுத்துதான் தீர்மானிக்கிறது, இத்தாலியத்தில் போலவே. நன்னூலின் 136ஆம் நூற்பா இந்த மாற்றங்களை எல்லாம் ஒரே இடத்தில் அடுக்குகிறது: ஈறு கெடும், முதல் நீளும், ஒற்று இரட்டும், இனவெழுத்து மிகும். அதனால்தான் பேரூருக்கு 'பேர்', ஓ.எம்.ஆர். பெருங்குடிக்குப் 'பெருங்'. ஆண்பால் பெண்பால் தொல்லை மட்டும் நமக்கு இல்லை.

இப்போது வரலாற்றுக்கு வருகிறேன். 1680இல் வட இத்தாலியின் காஸ்திலியோனேயில் பிறந்த பெஸ்கி, லத்தீனில் இரண்டு தமிழ் இலக்கணங்கள் எழுதினார். 1728இல் பேச்சுத் தமிழுக்கு ஒன்று, 1730இல் இலக்கியத் தமிழுக்கு ஒன்று. முதலாவது கொடுந்தமிழ், இரண்டாவது செந்தமிழ். கொடுமையும் செம்மையும் தகரத்துக்கு முன் நகர ஒற்று வாங்கி நிற்கின்றன. பெல்லோ, சாந்தோ என்று நாக்கு பழகிய மனிதருக்கு இது நம் காலத்து மாணவனைவிடச் சுலபமாகப் பிடிபட்டிருக்கும் என்று சொல்ல ஆசை. அது என் ஊகம், அவ்வளவே. அவருக்கு லத்தீனும் தெரியும், தமிழ்ப் புலவர்களிடம் பாடமும் கேட்டவர்.

ஆனால் வடிவம் தப்பினால் என்ன ஆகும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். தரங்கம்பாடி லுத்தரன் பாதிரிமார்களின் தமிழைக் கேலி செய்து எழுதியவர் அவர். வேடிக்கை என்னவென்றால், அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டதே அந்தத் தரங்கம்பாடி அச்சகம்தான். எதிராளியின் புத்தகம் என்றாலும் புதிதாக வந்த பாதிரிக்குத் தமிழ் கற்க அது தேவைப்பட்டது.

மெரினாவில் 1968 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வைத்த அவர் சிலையைப் போன வாரம் பார்த்தேன். வீட்டுக்கு வந்து, பாதியில் விட்ட பயிற்சி நோட்டை மறுபடி எடுத்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் ஒரு 'பெல்லோ லீப்ரோ' அடிக்கப்பட்டுக் கிடக்கிறது.