சேடு கெய்ட்டா

சேடு கெய்ட்டா (ஏறத்தாழ 1921 - நவம்பர் 21, 2001) மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஆவார். தலைநகர் பமாக்கோவில் தமது சொந்த ஒளிப்பட நிலையத்தில் 1948 முதல் 1960களின் தொடக்கம் வரை இவர் எடுத்த உருவப்படங்கள், 20ஆம் நூற்றாண்டின் சிறந்த உருவப்படங்களுள் வைத்து எண்ணப்படுகின்றன. கலைக்கல்லூரி, அருங்காட்சியகம் போன்றவற்றோடு தொடர்பின்றித் தொழில் செய்த இவர், எழுபது வயதளவிலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தார்.

வாழ்க்கை

மாலி, பிரெஞ்சு சூடான் என்ற பெயரில் பிரான்சின் ஆட்சியில் இருந்த காலத்தில் பிறந்தார். இளமையில் தச்சுத்தொழில் செய்தார். 1935 இல் செனகல் சென்று திரும்பிய உறவினர் ஒருவர் கோடாக் பிரௌனி கமரா ஒன்றைப் பரிசளித்தார். படம் கழுவும் முறைகளை உள்ளூர் ஒளிப்படக்காரர்களிடம் பழகிக்கொண்டு, 1948 இல் நிலையத்தைத் தொடங்கினார்.

விடுதலைக்குப் பின் அமைந்த அரசு இவரை அரச ஒளிப்படக்காரராகப் பணியில் அமர்த்தியதால் நிலையம் மூடப்பட்டது. 1977 இல் ஓய்வு பெற்றார்.

ஒளிப்பட நிலையம்

டக்காரிலிருந்து வரும் தொடருந்துப் பாதை பமாக்கோவைக் கடந்து சென்றதால், ஊராரோடு பயணிகளும் இவரிடம் வந்தனர். அரசு அலுவலர், வணிகர், புதுமணத் தம்பதியர் எனப் பலரும் படம் எடுத்துக்கொண்டனர். அணிந்துகொள்ள மேற்கத்திய உடைகளும் கைக்கடிகாரமும், அருகில் வைத்துக்கொள்ள வானொலிப் பெட்டியும் இசுகூட்டரும் நிலையத்திலேயே இருந்தன.

பெரும்பாலும் முற்றத்தில், பகல் வெளிச்சத்திலேயே படம் பிடித்தார். செலவு கருதி ஒருவருக்கு ஒரே ஒரு படம் எடுப்பதே வழக்கம். ஆகவே அமரும் கோணமும் கைகளின் நிலையும் முன்னதாகவே முடிவு செய்யப்பட்டன. 13 x 18 செ.மீ. அளவுள்ள நெகட்டிவைத் தாளின்மேல் நேரே வைத்து, அதே அளவில் படி எடுக்கப்பட்டது.

பின்திரையாக முதலில் தமது கட்டில் விரிப்பையே தொங்கவிட்டார். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரை மாற்றப்பட்டது. நெகட்டிவ்களில் நாள் குறிக்கும் வழக்கம் இல்லாததால், பிற்காலத்தில் படங்களின் ஆண்டைக் கணிக்க இத்திரைகளே துணைபுரிந்தன. திரையின் பூவேலையும் பெண்களின் ஆடைக் கோலமும் ஒன்றோடொன்று கலந்து தோன்றுவது இவரது படங்களின் தனி அழகு. அது திட்டமிட்டதன்று, திரைக்கேற்ற ஆடை அமைவது தற்செயலே.

வெளியுலக அறிமுகம்

1991 இல் நியூயார்க்கில் நடந்த ஆப்பிரிக்கக் கலைக் கண்காட்சி ஒன்றில் இவரது படங்கள் சில, எடுத்தவர் பெயர் அறியப்படவில்லை என்ற குறிப்புடன் வைக்கப்பட்டன. அதைக் கண்ட சேகரிப்பாளர் ஜான் பிகோட்சி, அவற்றை எடுத்தவரைத் தேடும்படி ஆந்திரே மான்யேனைப் பமாக்கோவுக்கு அனுப்பினார். அங்கு மற்றொரு ஒளிப்படக்காரரான மாலிக் சிடிபே மூலம் கெய்ட்டாவின் வீடு எளிதாகவே தெரிந்துவிட்டது. அறியப்படாதவர் என்பது கண்காட்சி நடத்தியோருக்கே பொருந்தும். பமாக்கோவில் பல வீடுகளில் அவர் எடுத்த படம் இருந்தது.

1994 இல் பாரிசின் கார்த்தியே அறக்கட்டளை இவரது தனிக் கண்காட்சியை நடத்தியது. அதே ஆண்டில் பமாக்கோவில் ஆப்பிரிக்க ஒளிப்படங்களுக்கான பன்னாட்டு விழாவும் தொடங்கியது. சிடிபேயும் பின்னர் புகழ்பெற்று, 2007 இல் வெனிசு ஈராண்டுக் கலைவிழாவின் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருதைப் பெற்றார்.

படிகள் பற்றிய விவாதம்

கண்காட்சிகளில் வைக்கப்பட்டவை பெரும்பாலும் பாரிசில் புதிதாக எடுக்கப்பட்ட பெரிய படிகளே. கையில் ஏந்திப் பார்க்கவும் உறவினருக்கு அனுப்பவும் எடுக்கப்பட்ட சிறு படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்குவது அதன் இயல்பை மாற்றிவிடுகிறது என்பது ஒரு சாராரின் கருத்து. ஆயினும் பெரிய படிகளைக் கண்டு கெய்ட்டாவே பெருமகிழ்ச்சி தெரிவித்துள்ளார் என்பதையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

கெய்ட்டா 2001 இல் பாரிசில் காலமானார். அதன்பின் நெகட்டிவ்களின் உடைமை தொடர்பில் வழக்கு நடந்தது. படங்களில் இருப்போருள் பெரும்பாலானோரின் பெயர்கள் பதிவாகவில்லை.