தசை தந்த மின்சாரமும் மின்சாரம் தந்த தசையும்

1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டு, வடக்கின் மீது பொருளாதாரத் தடை இறுகியபோது, தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. மின்சாரமும் அக்காலத்தில் அற்றுப்போயிற்று. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் செய்தி கேட்க மக்கள் கண்ட வழியை அறிந்தவர் இன்றும் பலர் உளர். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவின் வயரை வானொலிப் பெட்டியுடன் கொழுவி, ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். தமிழோசை முடியும்வரை சுற்றுபவர் ஓயலாகாது. ஓய்ந்தால் குரலும் தேய்ந்து மறையும்.

மனிதத் தசையிலிருந்து மின்சாரம் எடுத்த அந்த ஏற்பாட்டுக்கு நேர் எதிரான பொறி ஒன்று இப்போது உலகெங்கும் விற்பனையாகிறது. ஈரப்படுத்திய மின்முனைகள் பொருத்திய உடுப்பை அணிந்துகொண்டால், மின்துடிப்புகள் தொடையையும் வயிற்றையும் முதுகையும் தாமே சுருக்கி விரிக்கும். வாரத்தில் 20 நிமிடம் போதும், உடல் பருமன் குறையும் என்கின்றன விளம்பரங்கள். இதன் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், விற்பவர்கள் சொல்லாத சில சங்கதிகள் தெரியவரும்.

செத்த தவளையின் கால் மின்சாரம் பட்டுத் துடித்ததை இத்தாலியரான கல்வானி 1791இல் நூலாக வெளியிட்டார். ஆனால் தசையைத் தேர்ந்து தூண்டும் கலைக்கு அடித்தளமிட்டது மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். சைக்கிள் டைனமோவும் அதே தத்துவத்தின் பிள்ளைதான். பிரான்சின் பூலோன் என்ற துறைமுக நகரில் கடலோடிகளின் குடும்பத்தில் பிறந்த டுஷென் என்ற மருத்துவர், பரடேயின் தத்துவத்தில் அமைந்த பெட்டியொன்றைச் சுமந்துகொண்டு பாரிஸ் மருத்துவமனைகளில் நோயாளி நோயாளியாகத் திரிந்தார். தோலைக் கிழிக்காமல் ஒரு தசையை மட்டும் இயக்கலாம் என்று காட்டி, 1855இல் நூல் எழுதினார். அவருடைய அக்கறை வாதத்தால் செயலிழந்த கைகால்களில் இருந்தது. கொழுத்த வயிறுகளைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

அந்தக் கவலையை ஏற்றது வியாபாரம். அமெரிக்காவில் ‘ரிலாக்சசைசர்’ என்ற பெட்டி ஏறத்தாழ 4 இலட்சம் விற்றது. படுத்திருந்தே மெலியலாம் என்பதுதான் வாக்குறுதி. இதயத்துக்கும் கருவுற்ற பெண்களுக்கும் ஆபத்து விளைவிக்கக்கூடியது என்று 1970இல் கலிபோர்னியா நீதிமன்றம் அதன் விற்பனையைத் தடுத்தது. 1977இல் சோவியத் விஞ்ஞானி யாக்கோவ் கோற்ஸ், தம் விளையாட்டு வீரர்களின் தசைவலு மின்தூண்டுதலால் 40 சதவீதம்வரை கூடியதாக மொன்றியலில் அறிவித்தார். மேற்குலக ஆய்வுகூடங்கள் பின்னர் முயன்றும் அந்த அளவுக்குப் பலன் காணவில்லை. 2002இல், தொலைக்காட்சியில் விற்கப்பட்ட வயிற்றுப் பட்டிகள் மூன்றின்மீது அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. 2007க்குப் பின் ஜேர்மனியிலிருந்து முழு உடல் உடுப்பு புறப்பட்டது. பெட்டி மாறியதே தவிர வாக்குறுதி மாறவில்லை.

முற்றிலும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் முடியாது. ஜேர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தினர், தசை குறைந்து கொழுப்பு மிகுந்த, 70 வயதைத் தாண்டிய பெண்கள் 75 பேரை 26 வாரங்கள் ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டனர். தசையில் பயன் தெரிந்தது. கொழுப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. நாமாக நடக்கும்போது நரம்புகள் தசையிழைகளை முறைவைத்து வேலை வாங்குகின்றன. இதயமும் நுரையீரலும் கூடவே உழைக்கின்றன. மின்துடிப்போ அகப்பட்ட இழைகளையே திரும்பத் திரும்பச் சுண்டுகிறது. அவை விரைவில் களைத்துப்போகும். செலவாகும் சக்தியும் சொற்பம். முழங்கால் நோவால் நடக்கவே முடியாத பருமனான முதியவருக்கு இது ஒரு தொடக்கமாகலாம். நடக்கக்கூடியவருக்கு நடையின் இடத்தை இது பிடிக்காது.

இப்பொறிக்கு உரிய இடத்தைத் தேடுபவர் வன்னிக்குத்தான் வரவேண்டும் என்பது என் எண்ணம். 2009இல் எறிகணைச் சிதறல்கள் முள்ளந்தண்டைத் துளைத்து இடுப்பின்கீழ் உணர்விழந்தவர்கள் வவுனியா பம்பைமடு ஆயுர்வேத மருத்துவமனையில் கிடத்தப்பட்டிருந்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கு அவர்களுக்கு இயன்மருத்துவம் அளித்தது. பின்னாளில் பாதிக்கப்பட்டோர் தாமே கூடி மாங்குளத்தில் ‘உயிரிழை’ என்ற அமைப்பை நடத்தலாயினர். இவர்களைப் பற்றிய செய்திகளில் படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும் இடம்பெறும். பருமன் இடம்பெறுவதில்லை. உண்மையில் கால்தசை வற்ற வற்ற அந்த இடத்தில் கொழுப்பு குடியேறுகிறது. பார்வைக்கு மெலிந்தவர், உள்ளேயோ நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் விளைநிலம். உடற்திணிவுச் சுட்டெண் 30ஐத் தொட்டால் பருமன் என்பது பொதுக் கணக்கு. முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோருக்கு 22ஐயே எல்லையாகக் கொள்ளவேண்டும் என ஆய்வாளர்கள் முன்மொழிந்துள்ளனர்.

இவர்களுக்கென மின்தூண்டுதல் சைக்கிள் உண்டு. கணினி முறைவைத்து அனுப்பும் துடிப்புகளால் உணர்வற்ற கால்கள் பெடலை மிதிக்கும். 2016இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் அருகே நடந்த சைபத்லோன் போட்டியில் இவ்வகைச் சைக்கிளோட்டமும் ஒன்றாக இருந்தது. ஆனால் எல்லோருக்கும் இது வேலை செய்யாது. காயம் முள்ளந்தண்டின் மேற்பகுதியிலாயின், கீழே தசைக்குச் செல்லும் நரம்பு பெரும்பாலும் உயிரோடிருக்கும். துடிப்பு அதனூடாகப் பாயும். இடுப்புக்கருகே நரம்புக்கற்றையே அறுந்தவருக்குச் சாதாரணப் பெட்டியால் பயனில்லை. இன்னாருக்கு எது என்று சோதித்துச் சொல்லப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் வேண்டும். சைக்கிளின் விலை பல இலட்சம் ரூபா. மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் நாம் காண்பது கையால் சுற்றி ஓட்டும் மூன்று சில்லு வண்டியைத்தான். தோள்களுக்கும் இதயத்துக்கும் அது நல்ல பயிற்சியே. கால்களுக்கு அதனால் ஒன்றுமில்லை.

போர் முடிந்தபின் மின்சாரம் வந்தது. மோட்டார் சைக்கிளும் வந்தது. தடைக்காலத்தில் கிளிநொச்சிக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே மூட்டை சுமந்து சைக்கிள் மிதித்த தலைமுறை இன்று ஐம்பதைத் தாண்டி, சந்திவரை போகவும் மோட்டார் சைக்கிளை உதைக்கிறது. வயிறு வைப்பதில் வியப்பில்லை. அதைக் கரைக்க வெளிநாட்டு உறவினரின் பார்சலில் மின்பட்டி வந்தால், கட்டிப் பார்க்கும் ஆவல் எழுவதும் இயல்பே.

அவர்கள் இரண்டு விடயங்களை அறிந்திருப்பது நல்லது. ஒன்று, முதல் நாளிலேயே மின்னளவைக் கூட்டினால் தசையிழைகள் சிதைந்து, அவற்றின் புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கக்கூடும். நல்ல உடற்கட்டுள்ள இளைஞரே இவ்வாறு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டதுண்டு. வவுனியாவின் சில கிராமங்கள் காரணம் துலங்காத நாட்பட்ட சிறுநீரக நோயால் ஏற்கனவே அவதியுறுபவை. ஜேர்மனி 2020 முடிவில் நடைமுறைப்படுத்திய விதிகள் பயிற்சி பெறாதோர் இப்பொறியை மற்றவர்மீது இயக்குவதைக் கட்டுப்படுத்துகின்றன. பார்சலில் வரும் பட்டியுடன் அத்தகைய காவல் எதுவும் வருவதில்லை.

மற்றது, முறையான பயிற்சி நிலையத்தில் உடுப்பை மாட்டுமுன் நிரப்பத் தரும் படிவம். இதயமுடுக்கி உண்டா, வலிப்பு உண்டா, கருவுற்றிருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, உடலுக்குள் உலோகம் ஏதும் உண்டா என்றும் கேட்பார்கள். மியூனிக்கில் அக்கேள்வி இடுப்பு மூட்டில் பொருத்திய உலோகத்தைக் குறிக்கும். முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர்களுள் பலர், தொடையிலோ முதுகிலோ எடுக்காமல் விடப்பட்ட எறிகணைத் துண்டுகளுடன் நடமாடுகின்றனர். எத்தனை துண்டு, எந்த இடத்தில் என்பதை எக்ஸ்றே எடுத்துப் பார்க்காமல் அவர்களாலும் சொல்ல இயலாது.