தமிழகத்தில் செராமிக் கல்வி: வரலாறும் மூன்று வாயில்களும்

களிமண்ணை வனைந்து, உலர்த்தி, சுட்டுப் பொருளாக்கும் கலையும் தொழிலும் இன்று செராமிக் என்ற பொதுப்பெயரால் வழங்குகின்றன. பானை, செங்கல், ஓடு, பீங்கான் கோப்பை, கழிவறைத் தொட்டி, மின்கம்பத்து இன்சுலேட்டர் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். பொருள்கள் பலவாக இருப்பதுபோல இதைக் கற்பிக்கும் நிறுவனங்களும் பலவகைப்படும். ஓவியத்தில் நாட்டமுள்ள ஒரு மாணவர் 'செராமிக்' என்ற சொல்லை மட்டும் பார்த்துக் கல்லூரியில் சேர்ந்தால், எதிர்பார்த்ததற்கு முற்றிலும் வேறான வகுப்பில் அமர நேரிடலாம். இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதற்கு விடை வரலாற்றில் உள்ளது.

ஊரும் மண்ணும்

திருவள்ளூர் மாவட்டத்தின் ஊத்துக்கோட்டை, ஆரணி ஆற்றங்கரையில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த பேரூர். இதற்குத் தெற்கே பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்துள்ள அத்திரம்பாக்கத்தில், 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தார். மனிதன் கல்லைச் செதுக்கிய காலத்திற்கும் மண்ணைச் சுடக் கற்ற காலத்திற்கும் இடையே பல இலட்சம் ஆண்டு இடைவெளி உண்டு. அந்த நீண்ட வரலாற்றின் பிந்திய பகுதியையும் இதே வட்டாரத்தில் காணலாம். திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கல் சூளைகள் சென்னையின் கட்டடங்களுக்குக் கல் அனுப்புகின்றன. அவற்றில் ஒடிசாவிலிருந்து குடும்பத்துடன் வரும் தொழிலாளர்கள் பருவந்தோறும் வேலை செய்கின்றனர். மண்ணும் நெருப்பும் இப்பகுதிக்குப் புதியவை அல்ல. ஆனால் அவற்றைக் கல்லூரிப் பாடமாகக் கற்க வேண்டுமானால் வெளியூர் செல்ல வேண்டும்.

சூளையும் கொசப்பேட்டையும்

சென்னையில் செராமிக் கல்வி தொடங்கிய இடத்தின் சுற்றுப்புறப் பெயர்களே ஒரு செய்தியைச் சொல்கின்றன. பெரியமேட்டை அடுத்த சூளை, செங்கல் சூளைகளால் பெயர் பெற்றது. சற்று வடக்கே புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டை, குயவர் குடியிருப்பால் பெயர் பெற்றது. அங்கு இன்றும் விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார்கள் உருவாகின்றன. குயவர் பிள்ளைகளுக்குச் சக்கரமே பள்ளிக்கூடம். மண்ணைப் பிசைவது, மணல் கலப்பது, சூளை அடுக்குவது ஆகியவை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அறிவு. புதுக்கோட்டை, மதுரைப் பகுதிகளில் அய்யனார் கோயில்களுக்குப் பெரிய மண்குதிரைகளை உள்ளீடற்றதாக வனைந்து சுடும் வேளார்களின் திறனும் இவ்வாறு வந்ததே. இந்த அறிவுக்கு ஏடும் இல்லை, சான்றிதழும் இல்லை.

கலைப் பள்ளியின் தோற்றம்

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய அரசின் மருத்துவர், சென்னைப் பிராட்வேயில் தம் சொந்த முயற்சியில் ஒரு கலைப் பள்ளியைத் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய கலைக் கல்வி நிறுவனம் இதுவே. 1851-இல் இதனுடன் தொழிற்பள்ளி ஒன்றும் சேர்ந்தது. 1852-இல் அரசு இதை ஏற்றது. பின்னர் பூந்தமல்லி நெடுஞ்சாலையில், இன்றைய ஈ.வெ.ரா. பெரியார் சாலையில், பள்ளி நிலைபெற்றது.

ஹண்டரின் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது மட்டும் அன்று. 1851-இல் இலண்டனில் நடந்த பெரும் பொருட்காட்சி, குடியேற்ற நாடுகளின் மூலப்பொருள்கள் மீது ஆர்வத்தைக் கிளப்பியிருந்த காலம் அது. மாகாணத்தின் களிமண் வகைகளை ஆராய்ந்து, அவற்றிலிருந்து மண்பாண்டமும் செங்கல்லும் ஓடும் செய்யப் பயிற்றுவிப்பது தொழிற்பள்ளியின் வேலைகளுள் ஒன்றாக இருந்தது. சூளையும் கொசப்பேட்டையும் அருகில் இருந்தும், பள்ளி முன்னுதாரணமாகக் கொண்டது ஐரோப்பியப் பட்டறையையே.

இதற்கு நுட்பக் காரணமும் உண்டு. நம் ஊர்ப் பானை ஏறத்தாழ 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வெந்துவிடும். அதில் நுண்துளைகள் இருப்பதால் நீர் கசிந்து குளிர்கிறது. ஊறுகாய் ஜாடி போன்ற ஸ்டோன்வேர் பொருள்களுக்கு 1200 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தில் மண் இறுகி, கிளேஸ் எனப்படும் கண்ணாடிப் பூச்சு உருகிப் படியும். இதற்கு வேறு மண், வேறு சூளை, வேதியியல் கணக்கு ஆகிய மூன்றும் தேவை.

பள்ளியிலிருந்து கல்லூரி

1884-இல் பொறுப்பேற்ற ஈ.பி. ஹேவல், மாகாணத்தின் கைவினைகளை நேரில் சென்று ஆய்வு செய்து அவற்றின் மதிப்பை எடுத்துரைத்தார். அவருக்குப் பின் ஆல்ஃபிரட் சாட்டர்டன் காலத்தில் இங்கேயே அலுமினியப் பாத்திரச் சோதனைகள் நடந்தன. இதே வளாகத்தில் ஊக்கம் பெற்ற அலுமினியம், காலப்போக்கில் வீட்டுச் சமையலறைகளிலிருந்து மண்சட்டியை வெளியேற்றிய பொருள்களுள் ஒன்றாயிற்று.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல் இந்தியத் தலைவரானார். 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் காலத்தில் நவீன ஓவியமும் சிற்பமும் வளர்ந்தன. 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது, கைவினைப் பொருள்களை விற்று அந்த வருவாயில் ஓவியர் வாழலாம் என்ற எண்ணமும் அதில் இருந்தது. இன்று அரசினர் கவின் கலைக் கல்லூரி என வழங்கும் இந்நிறுவனத்தில் ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, துணி வடிவமைப்பு ஆகியவற்றுடன் செராமிக் வடிவமைப்பும் பட்டப்படிப்பாக உள்ளது.

பொறியியல் வாயில்

இரண்டாவது வாயில் தொழிற்சாலைக்காகத் திறந்தது. ஒரு மாவட்டத் தொலைவில் இதன் தேவையைக் காணலாம். கும்மிடிப்பூண்டியில் உள்ளவை போன்ற உருக்காலைகளின் உலைச் சுவர், வெப்பம் தாங்கும் செராமிக் பொருளின்றி நிற்காது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தில் செராமிக் தொழில்நுட்பம் பி.டெக். படிப்பாக உள்ளது. நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண்ணுக்கு அருகில் உள்ள விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமோ கற்பிக்கப்படுகிறது. இவற்றில் முதன்மையானவை வேதியியல், வெப்பவியல், மூலப்பொருள் சோதனை. படம் வரையும் கை இங்கு கூடுதல் தகுதியே தவிர அடிப்படைத் தகுதி அன்று.

பட்டறை வாயில்

மூன்றாவது வாயில் பட்டம் தராதது. 1971-இல் டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினர். உயர்வெப்ப ஸ்டோன்வேர் கலையை அங்குக் கற்ற பலர், தனிப் பட்டறைகள் அமைத்துப் புதுச்சேரி, ஆரோவில் வட்டாரத்தை இந்திய ஸ்டுடியோ மட்கலையின் முக்கிய மையமாக்கினர். வடக்கே தில்லியில் சர்தார் குர்சரண் சிங் இதற்கு முன்னரே இத்தகைய பணியைச் செய்திருந்தார். சான்றிதழைவிடச் சக்கரத்தில் அமரும் மணிக்கணக்கே இவ்வழியின் அளவுகோல்.

தேர்வு செய்யும் மாணவர் கவனிக்க வேண்டியவை

இவ்வாயில்களுள் எது திறந்திருக்கும் என்பது பெரும்பாலும் பத்தாம் வகுப்பு முடிந்தவுடனேயே முடிவாகிவிடுகிறது. மேல்நிலையில் கணிதம், இயற்பியல், வேதியியல் எடுக்காதவருக்குப் பி.டெக். வாயில் மூடிவிடும். கவின் கலைக் கல்லூரியில் மதிப்பெண் மட்டும் போதாது. வரைதிறன் தேர்விலும் தேற வேண்டும். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியில் படிப்பவருக்கு இத்தேர்வே பெரிய தடை. பென்சிலால் பொருளைப் பார்த்து வரைவது, நினைவிலிருந்து வரைவது ஆகியவற்றை இரண்டாண்டு முன்பே நாள்தோறும் பழகினால் இத்தடையைத் தாண்டலாம்.

மாநிலத்துக்கு வெளியே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் செராமிக், கண்ணாடி வடிவமைப்பும், வாரணாசி இந்துப் பல்கலைக்கழகத்தில் மட்கலையும் கற்கலாம். மாமல்லபுரத்தில் உள்ள அரசுக் கல்லூரியைச் செராமிக் கல்லூரி எனச் சிலர் எண்ணுவதுண்டு. அங்கு முதன்மை பெறுவது மரபுச் சிற்பமும் கோயிற் கட்டடக் கலையும்.

எந்த நிறுவனமாயினும் விண்ணப்பிக்கும் முன் நேரில் சென்று சூளையைப் பார்ப்பது நலம். ஆண்டில் எத்தனை முறை சூளை மூட்டப்படுகிறது, கிளேஸை மாணவரே கலக்கிச் சோதிக்கிறாரா, ஒருவருக்குச் சக்கரம் எவ்வளவு நேரம் கிடைக்கிறது, முன்பு படித்தவர்கள் இன்று என்ன செய்கிறார்கள் ஆகிய நான்கு கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகள், கையேட்டில் இல்லாததைச் சொல்லிவிடும். ஊத்துக்கோட்டையிலிருந்து பெரியமேட்டுக்குப் பேருந்தில் சென்று ஒரே நாளில் திரும்பலாம். அன்று மாலை கொசப்பேட்டையின் தெருக்களையும் ஒருமுறை நடந்து பார்ப்பது, பட்டப்படிப்பில் இடம்பெறாத பாதியையும் மாணவருக்கு அறிமுகப்படுத்தும்.